பாதாளத்தின் விளிம்பில் இரண்டு இரவுகள்

கடந்த பதினேழு ஆண்டுகளாகக் கல்லூரியிலே புவியியல் கற்பித்து வருகின்றேன். ஓடும் நீர் நிலத்தை அரிக்கும் பாடம் வரும்போதெல்லாம், வெண்கட்டியினால் கரும்பலகையில் ஓர் ஆழமான பள்ளம் வரைந்து, அதன் அடியிலே ஒரு கோடு இழுத்து, "இதுதான் கொலராடோ ஆறு, இப்பள்ளமே கிராண்ட் கன்யன் எனப்படும் பெரும் ஆற்றுக்குடைவு" என்று சொல்லுவேன். பிள்ளைகளும் தம் குறிப்பேட்டில் அப்பள்ளத்தை இரண்டு அங்குல உயரத்தில் வரைந்துகொள்வார்கள். பாடம் அத்துடன் முடிந்துவிடும்.

ஒரு நாள் பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், நீங்கள் அதை நேரில் பார்த்திருக்கிறீர்களோ?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்படியானால் அது எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரியும்?" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

2024ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையோடு சில நாள் லீவையும் சேர்த்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் புறப்படும் வாய்ப்புக் கிடைத்தது. எனது தமையனார் அரிசோனா மாநிலத்தின் தலைநகராகிய பீனிக்ஸில் வசிக்கின்றார். 2000ஆம் ஆண்டிலே ஊரைவிட்டுச் சென்றவர் ஒருமுறையேனும் திரும்பி வந்தாரல்லர். முதலிற் பயணப் பத்திரம் இல்லை; பின்பு விடுமுறை இல்லை; பின்னர் வராமலிருப்பதே பழக்கமாகிவிட்டது.

"நல்லூர்த் திருவிழாக் காலத்திலே ஊரைவிட்டுப் போகிறாயே" என்று அன்னையார் முதலிற் குறைபட்டார். பின்பு, "சரி, போய் அண்ணன் எப்ப வாறான் என்று கேட்டுக்கொண்டு வா. அவன்ரை ஒரு படமும் கொண்டு வா" என்றார். வாரந்தோறும் கைத்தொலைபேசித் திரையில் மகன் முகத்தை அவர் காண்கிறாரே என்று வாசகர்கள் எண்ணலாம். பேச்சு முடிந்ததும் அத்திரை இருண்டுவிடுகிறது. எழுபத்தெட்டு வயதுத் தாய்க்குக் கையில் வைத்துப் பார்க்க ஒரு படம் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்த படத்தொகுப்பு, 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது பின்தங்கிவிட்டது. மறு ஆண்டு திரும்பி வந்து பார்க்கையில் மழையும் கறையானும் அதனை முடித்துவிட்டிருந்தன.

இவ்விரண்டு வேண்டுகோள்களையும், அம்மாணவனின் கேள்வியையும் சுமந்துகொண்டே யான் விமானம் ஏறினேன்.

தரை முடிந்த இடம்

பீனிக்ஸ் நகரிலிருந்து கன்யனின் தென்விளிம்புக்கு ஏறக்குறைய 230 மைல். அண்ணியாரும் பிள்ளைகளும் பாடசாலை தொடங்கிவிட்டபடியால் வரவில்லை. கட்டுச்சோறு மட்டும் எங்களுடன் வந்தது. தமையனாரின் காரிலே விடியற்காலை புறப்பட்டோம். நகரைச் சுற்றித் தீயென வெயில். வழியின் இருமருங்கும் கைகளை உயர்த்தி நிற்பவை போன்ற நெடிய கள்ளிகள். பாதை ஏற ஏறக் கள்ளி மறைந்து புதர் வந்தது; புதர் மறைந்து ஊசியிலை மரங்கள் வந்தன. பிளாக்ஸ்ராவ் என்னும் நகரைக் கடந்தபோது காற்றிலே குளிர் தெரிந்தது. ஏழாயிரம் அடி உயரத்துக்கு வந்துவிட்டோம் என்றார் தமையனார்.

மலைநாட்டில் ஆழமான பள்ளத்தை அணுகும்போது முன்னறிகுறிகள் உண்டு. வழி வளையும், தரை சரியும், தூரத்தே இரைச்சல் கேட்கும். இங்கு அவை ஒன்றும் இல்லை. மட்டமான காட்டினூடே கார் ஓடியது. காரை நிறுத்திவிட்டு மேதர் முனை எனப்படும் இடத்துக்குச் சிறிது தூரம் நடந்தோம். மரங்கள் விலகின. அவ்விடத்தில் தரை முடிந்துவிட்டது.

யான் கண்டதை அளவுகளாற் சொல்வதே முறை. ஆற்றின் வழியே இதன் நீளம் 277 மைல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் தூரத்தினும் அதிகம். மிக அகன்ற இடத்தில் அகலம் 18 மைல்; யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் தூரத்துக்குச் சிறிதே குறைவு. ஆழம் ஏறக்குறைய ஒரு மைல். நமது பனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் அறுபதுக்கு மேல் வேண்டும். இவ்வளவையும் வகுப்பிலே பலமுறை சொல்லியிருக்கின்றேன். ஆயினும் அவ்விளிம்பில் நின்றபோது அவ்வெண்கள் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. எதிரே செம்மையும் மஞ்சளும் ஊதாவுமாகப் படிப்படியாய் இறங்கும் மலைகள் வரைந்து தொங்கவிட்ட திரைச்சீலை போலவே தோன்றின. அவை அருகில் உள்ளனவா தொலைவில் உள்ளனவா என்று கண்ணால் முடிவுசெய்ய இயலவில்லை. கையிலிருந்த தொலைபேசியால் ஒரு படம் எடுத்தேன். அதில் விழுந்தது நான் கரும்பலகையில் வரையும் பள்ளமேயன்றி வேறில்லை.

"எல்லாரும் முதலில் இப்படித்தான் எடுத்து ஏமாறுவது" என்றார் தமையனார். "கமராவுக்குக் கண் ஒன்று. நிழல் விழுந்தாற்றான் அதற்கு ஆழம் தெரியும். நடுப்பகலில் இங்கே நிழலே இல்லை. விடியலிலும் அந்தியிலும் வரவேண்டும்."

அவரிடம் இருந்தது பழைய பாணிப் பிலிம் கமரா. முப்பத்தாறு படங்களுக்குரிய ஒரே சுருளைக் கொண்டு வந்திருந்தார். எண்ணி எண்ணி எடுத்தாற்றான் பார்த்துப் பார்த்து எடுப்போம் என்பது அவர் கொள்கை. அவர் வீட்டுச் சுவர்களெங்கும் பாறை, மலை, வரண்ட ஆறு ஆகியவற்றின் படங்கள் தொங்குகின்றன. மனிதரை அவர் எடுப்பதுமில்லை. தம்மை எடுக்க விடுவதுமில்லை. காரணம் கேட்டபோது, "கல்லு இடம்பெயராது" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

கூடாரம்

பூங்காவினுள்ளேயே, ஊசியிலை மரங்களினிடையே, முகாமிடுவதற்கென ஒழுங்குசெய்த இடம் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மேசையும், தீ மூட்டுவதற்கு ஓர் இரும்பு வளையமும் அமைத்திருக்கிறார்கள். கூடாரம் அடிப்பதில் எனக்கு முன்னனுபவம் இல்லை. பாடசாலைச் சாரணர்களுக்குப் பொறுப்பாயிருந்த பெருமையை நம்பி ஒரு முனையைப் பிடித்தேன். அடித்து முடித்தபின் வாயில் ஒரு மரத்தை நோக்கி இருந்தது. மீண்டும் பிடுங்கி அடித்தோம்.

உணவுப் பொருள் எதனையும் வெளியே வைக்கலாகாதென்பது அங்கே கண்டிப்பான விதி. எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டினோம். அவ்வாறு செய்தது நல்லதாயிற்று. எருமைக்கன்றினும் பெரிய 'எல்க்' என்னும் மான் ஒன்று அந்தி நேரத்தில் எங்கள் மேசைவரை வந்து, ஒன்றும் கிடையாமையால் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சென்றது.

பீனிக்ஸில் வியர்த்து வழிந்த உடல் அன்றிரவு இரண்டு போர்வைக்குள் நடுங்கிற்று. படுக்கைக்கு முன் ஒருமுறை விளிம்புக்குச் சென்று வந்தோம். நிலவிருந்தும் பள்ளத்தின் அடி இருளாகவே கிடந்தது. அப்பாலே வடவிளிம்பிலே ஒரு சிறு ஒளி தெரிந்தது. நேர்கோட்டில் பத்து மைல் தூரத்திலுள்ள விடுதி அது என்றும், காரில் அங்கே போய்ச்சேர இருநூறு மைலுக்கு மேற் சுற்றவேண்டும் என்றும் தமையனார் கூறினார். அவ்வொளியை முக்காலியிற் கமராவை நிறுத்தி நெடுநேரம் திறந்து வைத்து ஒரு படம் எடுத்தார்.

காலத்தின் மேல் நடத்தல்

மறுநாள் விடியலில் யவப்பாய் முனைக்குச் சென்றோம். கதிரவனின் முதற்கிரணம் மலையுச்சிகளில் மட்டும் பட்டு, மெல்ல மெல்லக் கீழிறங்கிற்று. நேற்றுத் திரைச்சீலையாய்த் தெரிந்தது இன்று ஒவ்வொரு மலையாகப் பிரிந்து நின்றது. தமையனார் அங்கே ஒன்பது படங்கள் எடுத்தார்.

பள்ளத்தினுள் கோபுரம் போல் எழுந்து நிற்கும் குன்றுகள் பலவற்றுக்கு ஆலயங்கள் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். விஷ்ணு ஆலயம், சிவன் ஆலயம், பிரமன் ஆலயம் என்ற பெயர்களைத் தேசப்படத்திற் கண்டபோது எனக்கு வியப்பாயிருந்தது. 1882இல் இப்பிரதேசம் பற்றிப் பெருநூல் வெளியிட்ட கிளாரன்ஸ் டட்டன் என்னும் புவிச்சரிதவியலாளரே இவ்வழக்கத்தைத் தொடக்கியவர். கீழைத்தேயக் கோபுரங்களை இக்குன்றுகள் அவருக்கு நினைவூட்டின. பின்வந்தோரும் அவ்வழியே இராமன், கிருஷ்ணன், புத்தர் முதலிய பெயர்களை வைத்தனர். பள்ளத்தின் அடியிலே கிடக்கும் மிகப் பழைய கரும்பாறைக்கும் 'விஷ்ணு' என்றே பெயர். அடிமுடி தேடிய கதையிலே பன்றியுருவெடுத்து நிலத்தைக் குடைந்து அடி தேடிச் சென்றவர் திருமாலல்லவா? டட்டன் அக்கதையை அறிந்திருந்தாரோ என்னவோ, பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இக்கதையைச் சொல்லி நான் மகிழ்ந்து நிற்கையில், "பெயர் வைக்க வந்தவர்களுக்கு முன்னமே இங்கே ஆட்கள் இருந்தவை, தம்பி" என்றார் தமையனார். உண்மையே. ஹவாசுப்பாய், ஹோப்பி, நவஹோ முதலிய பழங்குடியினருக்கு இது புனித பூமி. ஹவாசுப்பாய் மக்கள் பள்ளத்தினுள் ஊற்றருகே சோளமும் அவரையும் விளைத்து வாழ்ந்தவர்கள். 1882இல் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது 518 ஏக்கர் மாத்திரமே. 1919இல் தேசியப் பூங்கா அமைந்தபின், 1928இல், ஊற்றருகே எஞ்சியிருந்தவரும் அங்கிருந்து எழுப்பப்பட்டார். 1975இல் 185,000 ஏக்கர் நிலம் அம்மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2022இல் அவ்வூற்றிடத்துக்கு 'ஹவாசுப்பாய்த் தோட்டம்' என அவர்கள் பெயரே சூட்டப்பட்டது. இதனை எழுதி வைத்திருந்த பலகையின் முன் நாங்களிருவரும் நெடுநேரம் நின்றோம். வீடு விட்டு எழும்பி நடந்த இரவு எங்கள் இருவருக்கும் நினைவில் வந்ததென்று நம்புகின்றேன். ஆனால் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை.

யவப்பாயிலிருந்து விளிம்போரமாக மேற்கே செல்லும் நடைபாதைக்குக் 'காலப்பாதை' என்று பெயர். 2010இல் அமைத்தார்கள். ஆசிரியத் தொழில் செய்வோர் யாவரும் காணவேண்டிய ஒன்று இது. பாதையின் ஒவ்வொரு மீற்றரும் பத்து இலட்சம் ஆண்டுகளைக் குறிக்கின்றது. மீற்றருக்கொரு வெண்கலக் குறி பதித்திருக்கிறார்கள். இன்று என்ற குறியிலிருந்து புறப்பட்டுப் பின்னோக்கி நடந்தால், ஐந்தாறு மீற்றருக்குள்ளேயே கொலராடோ ஆறு இப்பள்ளத்தைத் தோண்டத் தொடங்கிய காலம் வந்துவிடுகிறது. நிலம் மெல்ல மெல்ல மேலே உயர்ந்தது. மணலும் கல்லும் சுமந்த ஆறு வாள்போல் அதனை அறுத்தது. மழையும் உறைபனியும் பக்கச் சுவர்களை உடைத்து அகலமாக்கின. கடினமான பாறை செங்குத்தாய் நின்றது, மென்பாறை சரிவாயிற்று. ஆதலாலேயே இப்பள்ளம் படிக்கட்டுப் போலக் காட்சியளிக்கின்றது.

270ஆம் மீற்றரில் விளிம்பின் மேற்பாறை ஒரு துண்டாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கடலிலே படிந்த சுண்ணாம்புக்கல். ஏழாயிரம் அடி உயரத்தில் நிற்கும் அப்பாறையினுள் கடற்சிப்பிகளின் சுவடுகள் உண்டு. யாழ்ப்பாணத்திலே கிணறு வெட்டுகையிலும் கல்லினுள் சிப்பி கண்டிருக்கிறோம். ஆனால் நமது சுண்ணாம்புக்கல் இப்பாதையின் முதல் இருபத்துமூன்று மீற்றருக்குள் அடங்கிவிடும் இளங்கல். அதன்பின் நீண்ட நடை. 1,750ஆம் மீற்றரை அண்டி விஷ்ணுப் பாறையைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து, கறுத்து, மினுங்கிற்று. பள்ளத்தினுள்ளே இப்பாறையின் மேல் அடுத்து அமர்ந்திருப்பது ஏறக்குறைய 500ஆம் மீற்றருக்குரிய மணற்கல். இடைப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட மீற்றர்களின் கற்கள் அவ்விடங்களிற் காணப்படா. அவை தேய்ந்து போயின. நடுவிலே பக்கங்கள் கிழிந்த நூலை ஒத்தது இது.

"இந்தக் கணக்கில் சங்ககாலத்திலிருந்து இன்றுவரை இரண்டு மில்லிமீற்றர்" என்றேன். கணக்குப் பார்க்கும் உற்சாகம் என்னைப் பற்றிக்கொண்டது. "நீங்கள் ஊரைவிட்டு வந்த இருபத்துநாலு வருடம் ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை, அண்ணை."

அவர் சற்றுத் தூரம் பேசாமல் நடந்தார். பின்பு, "கல்லுக்கு அப்படி. அம்மாவுக்கு?" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

கொல்ப் சகோதரர்

பாதை முடியும் கிராமத்தில், பள்ளத்தின் விளிம்பிலே தொற்றிக்கொண்டு நிற்கும் மரவீடு ஒன்று உண்டு. அதுவே கொல்ப் ஸ்ரூடியோ. எல்ஸ்வேர்த், எமரி என்னும் சகோதரர் இருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து படம்பிடிக்கும் தொழில் நடத்தினர். கோவேறு கழுதைமேல் ஏறிப் பள்ளத்தினுள் இறங்கும் உல்லாசப் பயணிகளைக் காலையிற் படமெடுத்து, அவர்கள் மாலையில் மேலே வரும்போது படத்தை விற்பது வழக்கம். இடையில் ஒரு தொல்லை. படம் கழுவுதற்கு விளிம்பிலே நல்ல நீர் இல்லை. ஆகவே எமரி நாலரை மைல் கீழே ஊற்றிடத்துக்கு ஓடிச் சென்று, அங்கே கழுவி, அவ்வளவு தூரமும் மேலே ஓடி வருவாராம். இறக்கம் மூவாயிரம் அடி! 1911இலும் 1912இலும் அவ்விருவரும் படகேறி ஆற்றுவழியே சென்று அசையும் படமும் பிடித்தனர். அப்படத்தை எமரி 1976இல் தாம் இறக்கும்வரை வந்தோர்க்கெல்லாம் காட்டி வந்தார்.

அவரைப்பற்றி இன்னொரு கதையும் உண்டு. 1937இல் நியூயோர்க் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையினர், சிவன் ஆலயம் என்னும் குன்றின் தட்டையான உச்சிக்கு விலங்குகளை ஆராயச் சென்றனர். மனிதர் காலடி படாத இடம் என்று பத்திரிகைகள் முழங்கின. அவர்கள் உச்சியில் ஒரு வெறுங் கொடாக் பிலிம் பெட்டியைக் கண்டனர் என்று சொல்லப்படுகிறது. அழைத்துச் செல்லாத கோபத்தில் எமரி முன்னமே ஏறி அதை விட்டு வந்தாராம்.

சகோதரர் இருவரும் பிற்காலத்தில் மனம் வேறுபட்டனர் என்பதும், ஒருவர் அங்கேயே இருக்க மற்றவர் தூரதேசம் சென்றார் என்பதும் எனக்குத் தெரியும். தமையனாருக்கும் அது தெரியும் போலிருந்தது. இருவருமே அதைச் சொல்லவில்லை.

முப்பத்தாறாவது படம்

பிற்பகலிற் கிழக்கே இருபது மைலுக்கு அப்பாலுள்ள லிப்பன் முனைக்குச் சென்றோம். அங்கிருந்து ஆறு நன்கு தெரியும். 'கொலராடோ' என்னும் சொல் செந்நிறத்தைக் குறிப்பது. சேறு சுமந்து சிவந்தோடிய ஆறு, மேலே 1963இல் அணை கட்டி நீரைத் தேக்கியபின், பெரும்பாலும் பச்சையாய்த் தெளிந்து ஓடுகின்றது. ஆறு சுமந்த மண் இப்போது அணைக்குள் தங்கிவிடுகிறது. என் வெண்கட்டிக் கோடு அங்கே ஒரு பச்சை நூலாய்க் கிடந்தது.

சிறிது நேரத்தில் கருமுகில் திரண்டு இடி முழங்கிற்று. மின்னல் வேளையில் விளிம்பில் நிற்பது ஆபத்து என்ற எச்சரிக்கை எங்கும் எழுதப்பட்டிருக்கிறது. காருக்குள் ஒதுங்கினோம். ஒரு மணிநேரம் மழை கொட்டிற்று. பள்ளம் முழுவதும் வெண்புகையாகி மறைந்தது. கமராவில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு படம். "நாளைக்கு வைப்பம்" என்று தமையனார் சொல்லிக்கொண்டிருக்கையில் மேற்கே முகில் கிழிந்தது.

ஓடிச்சென்று முக்காலியை நிறுத்தினார். சட்டத்தை அளந்து பூட்டினார். "சூரியன் முகிலுக்குக் கீழே வரும். எதிர்ச் சுவரில் வெளிச்சம் ஏறினவுடன் அழுத்து. நான் அந்தப் பக்கம் ஆறு தெரிகிறதோ என்று பார்த்து வாறன்" என்று சொல்லி, வலப்புறத்தே நீண்டிருந்த பாறைமேட்டுக்கு நடந்தார். தாம் சட்டத்துக்கு வெளியே நிற்பதாக அவர் எண்ணியிருக்கவேண்டும்.

ஒளி வந்தது. ஈரமான பாறைச்சுவர் அடிமுதல் முடிவரை செந்தீயாயிற்று. கமராவின் கண்ணாடியினூடே பார்த்தேன். அந்நெடுஞ்சுவரின் முன்னே, விளிம்பிலே, ஒரு சிறு கரும்புள்ளி. அப்புள்ளிக்குக் கையிருந்தது, கால் இருந்தது, தலையிலே தொப்பி இருந்தது. அப்பொழுதே அப்பள்ளத்தின் அளவு எனக்கு முதன்முறையாக விளங்கிற்று. வயிற்றிலே ஏதோ கீழிறங்கியது போலாயிற்று. 'அண்ணை, விலகுங்கோ' என்று கூவியிருக்கலாம். ஒளி இன்னும் ஒரு நிமிடம் நின்றது. கூவவில்லை. அழுத்தினேன்.

பூரணை இரவு

அன்று பூரணை. மழை கழுவிய வானத்திலே முழுமதி எழுந்து நின்றது. காஸ் அடுப்பில் தேநீர் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கையில், செய்ததைச் சொல்லிவிட்டேன்.

"கடைசிப் படத்தையல்லோ பழுதாக்கிப்போட்டாய்!" என்றார். குரலிற் கோபம் இருந்தது. அன்னையார் படம் கேட்டனுப்பியதைச் சொன்னேன். எப்போது வருவார் என்று கேட்டனுப்பியதையும் சொன்னேன். நெடுநேரம் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு வராதவன், தம்பி. இனி என்ன முகத்தோடை அந்த வாசலிலை வந்து நிக்கிறது?"

தந்தையார் 2008இல் இறந்தார். அப்போது யாழ்ப்பாணத்துக்குத் தரைவழிப் பாதை மூடப்பட்டிருந்தது. அவர் வந்திருக்க முடியாதென்பதை ஊரே அறியும். பதினாறு ஆண்டுகளாக அதனைக் குற்றமாக அவர் சுமந்து வந்ததை உடன்பிறந்த நான் அறிந்தேனில்லை. "அப்பா கடைசிவரைக்கும் உங்களைக் குறை சொன்னதில்லை. பாதை எப்ப திறக்கும் என்றுதான் கேட்டவர்" என்றேன். அது உண்மை. அவர் எழுந்து மரங்களுக்கப்பால் சென்று சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். நாங்கள் அன்றிரவு அதற்குமேற் பேசவில்லை.

ஏறுவதே கடினம்

மூன்றாம் நாள் விடியலில் தென்கைபாப் பாதையால் ஒரு மைல் அளவு கீழிறங்கினோம். அங்கே ஒரு திருப்பத்துக்கு 'ஊ-ஆ முனை' என்று பெயர். வருவோர் யாவரும் எழுப்பும் ஒலியே பெயராகிவிட்டது. மலையேற்றத்தில் முதலிற் களைத்துப் பின்பு சுகமாக இறங்குவோம். இங்கு முதலிற் சுகம், களைப்புப் பிறகு. ஆகையால் ஒரே நாளில் ஆற்றுவரை சென்று மீள முயலவேண்டாம் என்று பூங்காக் காவலர் கெஞ்சாத குறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். இறங்க இறங்க வெப்பமும் ஏறும். அப்பாதையில் நீரும் கிடையாது.

அங்கே சிறகில் எண் பொறித்த ஒரு பெருங்கழுகு எங்கள் தலைக்கு மேலே அசையாது மிதந்து சென்றது. கலிபோர்னியக் கொண்டோர் என்னும் அவ்வினம் 1982இல் உலகிலேயே இருபத்திரண்டு பறவைகளாகக் குறைந்திருந்தது. பிடித்து வளர்த்துப் பெருக்கி, 1996இலிருந்து அரிசோனாவில் மீண்டும் பறக்க விட்டார்கள். கமராவிற் பிலிம் இல்லை. தமையனார் அண்ணாந்து வெறுங் கண்ணாலே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி ஏறுகையில் எனக்கு மூச்சு வாங்கிற்று. அவர் முன்னே சென்று கைநீட்டினார். சிறுவயதிலே கீரிமலைக் கேணிப் படியில் நீட்டிய அதே கை.

திரும்பிய பின்

கார்த்திகை மாதத்திலே தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு படங்கள். ஒன்றை வகுப்புக்குக் கொண்டு சென்றேன். "எவ்வளவு ஆழம், சேர்?" என்று கேட்டவனையே அழைத்து, "இந்தப் புள்ளி என்ன என்று பார்" என்றேன். உற்றுப் பார்த்தான். "ஆள்!" என்றான். வகுப்பு முழுவதும் வந்து சூழ்ந்தது. அன்று எவரும் சிரிக்கவில்லை. மறுநாள் கல்லூரி விளையாட்டு மைதானத்தைச் சுற்றி மீற்றருக்கொரு சுண்ணாம்புக் குறியிட்டு, பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு ஒன்றாகப் பிள்ளைகள் நடந்தார்கள். விஷ்ணுப் பாறைக்குச் சென்றுசேரப் பல சுற்றுகள் தேவைப்பட்டன.

மற்றைய படத்தை அன்னையாரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தார். செந்தீயாய் ஒளிரும் பாறைச்சுவரை அவர் கண் கண்டதாகவே தெரியவில்லை. "இவன் என்னத்துக்கு இந்தக் கிடங்கின்ரை கரையிலை போய் இவ்வளவு கிட்ட நிக்கிறான்? பின்னுக்கு வரச் சொல்லு" என்றார்.

அதனை அப்படியே தொலைபேசியிற் சொன்னேன். மறுமுனையில் நெடுநாளைக்குப் பின் தமையனார் வாய்விட்டுச் சிரித்தார்.

2025 யூலையிலே வடவிளிம்பிற் காட்டுத்தீ மூண்டு, நாங்கள் இரவிலே ஒளி கண்ட அந்த விடுதி எரிந்து போயிற்று. முதலில் 1928இற் கட்டப்பட்டு, 1932இல் எரிந்து, 1937இல் மீண்டும் எழுந்த கட்டடம் அது. அச்செய்தியையும், அவ்வொளியின் படத்தையும் கையோடு கொண்டுகொண்டே தமையனார் அவ்வாண்டு நல்லூர்த் தேருக்கு ஊர் வந்துசேர்ந்தார். படலையடியிலே ஒரு கணம் தயங்கி நின்றார். அன்னையார் திண்ணையில் இருந்தபடியே, "உள்ளுக்கு வாவன், ஏன் கரையிலை நிக்கிறாய்?" என்றார்.

அவர் திரும்பிச் சென்றுவிட்டார். ஊரில் எடுத்த முப்பத்தாறு படங்களிலும் கல் ஒன்றுகூட இல்லை.